'தண்ணி': ஒரு தோட்டத்துச் சொல்லின் பல முகங்கள்

ஆறாம் படிவத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு 'வழக்கு' பற்றிய பகுதி நினைவிருக்கும். சொற்கள் வழங்கும் முறையை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பிரித்த பவணந்தி முனிவர், தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றையும் வைத்தார். உரையாசிரியர்கள் தந்த எடுத்துக்காட்டுகளைத் தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்தோம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். மூன்றாவது எடுத்துக்காட்டு வரும்போது வகுப்பில் கடைசி வரிசையில் யாராவது ஒருவர் சிரிப்பார். உள்ளே போனதும் மனத்தில் கிடக்கும் சொல்லையெல்லாம் வெளியே இழுத்துவரும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? வேடர்கள் சாமானியப்பட்டவர்கள் அல்லர்.

கள்ளுக்கு மறைபெயர் வைக்கும் பழக்கம் வேடரோடு நின்றுவிடவில்லை. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங் எனப் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களிலும் அது தொடர்ந்தது. நான் பிறந்து வளர்ந்தது அந்த வட்டாரத்தில்தான். அங்கே கள்ளுக்கும் சாராயத்துக்கும் வழங்கிய பெயர் 'தண்ணி'. ஆனால் அந்த ஒரு சொல் அதை மட்டுமா குறித்தது? எத்தனை வேலைகளை அது இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது என்பதைப் பார்க்கவே இக்கட்டுரை.

முதலில் சற்று லண்டனுக்குப் போய் வருவோம். அந்நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த உழைக்கும் மக்களைக் 'காக்னி' என்பார்கள். செயின்ட் மேரி லெ போ தேவாலயத்தின் மணியோசை கேட்கும் தொலைவுக்குள் பிறந்தவரே உண்மையான காக்னி என்பது வழிவழி வந்த இலக்கணம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவர்களிடையே, குறிப்பாகத் தள்ளுவண்டியில் காய்கனி விற்றவர்களிடையே, வேடிக்கையான ஒரு மறைமொழி வழங்கியது. 1859இல் ஜான் கேம்டன் ஹோட்டன் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் அது பதிவாகியிருக்கிறது. அதன் முறை இதுதான். மறைக்க வேண்டிய சொல்லோடு இயைபு கொள்ளும் ஒரு தொடரை எடுத்துக்கொள்வது. மாடிப்படி என்று பொருள்படும் 'ஸ்டேர்ஸ்' என்பதற்கு 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்'. தோழனாகிய 'மேட்' என்பதற்கு 'சைனா பிளேட்'. பிறகு அந்தத் தொடரிலும் இயைபு கொள்ளும் கடைசிச் சொல்லையே விட்டுவிடுவது! 'சைனா பிளேட்' வெறும் 'சைனா' ஆகிவிடும். இதுதான் சூட்சுமம். எந்தச் சொல் பொருளுக்குச் சாவியோ, அந்தச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வெளியாள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

குடி சார்ந்த பொருள்களுக்கு அவர்களிடம் இத்தகைய சொற்கள் ஏராளம். பியருக்குப் 'பிக்ஸ் இயர்', அதாவது பன்றியின் காது. குடித்திருப்பவனுக்கு 'எலிஃபன்ட்ஸ் டிரங்க்', அதாவது யானையின் தும்பிக்கை. இதில் 'பிக்ஸ் இயர்' என்பதற்கு ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு: ஒரு வேலையைச் சொதப்பிக் குட்டிச்சுவராக்குவது. இரண்டாவது பொருள் பெரும்பாலும் முதற்பொருளின் விளைவாக வருவது என்று என் ஆங்கில ஆசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். பச்சைத் தண்ணீருக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது. 'வாட்டர்' என்பதற்கு 'ஃபிஷர்மன்ஸ் டாட்டர்', மீனவன் மகள். மதுவை மறைக்க விலங்கின் உறுப்புகள்; தண்ணீருக்கு மட்டும் ஒரு பெண்பிள்ளை!

இப்படியொரு முறை தமிழில் ஏன் வளரவில்லை என்று யோசித்ததுண்டு. சொல்லின் கடைசியில் ஓசை ஒத்து வருவதை நாம் இயைபு என்கிறோம். ஆனால் தமிழ்க் காது அதைவிட எதுகைக்கும் மோனைக்கும்தான் பழகியிருக்கிறது. நமக்கு ஓசை சொல்லின் தலையில் இருக்கிறது, வாலில் இல்லை. பேச்சுத் தமிழில் இயைபுக்கு நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்கது எதிரொலிச் சொல்தான். காப்பி கீப்பி, வேலை கீலை, தண்ணி கிண்ணி. முதலெழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ' என்று மாறி, எஞ்சியது அப்படியே திரும்ப வரும். இதை யாரும் நமக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனாலும் மூன்று வயதுக் குழந்தைகூடப் பிழையில்லாமல் செய்கிறது. "தண்ணி கிண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றால் அது விருந்தோம்பல். "தண்ணி கிண்ணி போட்டிருக்கானா?" என்றால் அது விசாரணை. எதிரொலிச் சொல் கேள்வியின் முனையை மழுங்கச் செய்கிறது. கேட்பவருக்கு முகம் கொடுக்க ஓர் இடமும், பதில் சொல்பவருக்குத் தப்பிக்க ஒரு சந்தும் கிடைக்கிறது.

தண்ணீர் என்ற சொல்லின் பிறப்பு எளிது. தண்மை + நீர். குளிர்ந்த நீர். பேச்சில் அது தண்ணி ஆகிவிட்டது. நாம் கவனிக்க வேண்டியது அதனோடு சேரும் வினைச்சொல்லை. தண்ணி குடி, தண்ணி கலக்கு, தண்ணி போடு, தண்ணி அடி, தண்ணி காட்டு, தண்ணி தெளி, தண்ணி ஊத்து, தண்ணி ஏத்து. பெயர் ஒன்றுதான், வினை மாறினால் பொருள் வேறு. இதில் வியப்பான ஒன்று உண்டு. "அவரு குடிப்பாரு" என்று செயப்படுபொருள் இல்லாமல் சொன்னால் அது மது. "அவரு தண்ணி குடிப்பாரு" என்றால் அது குற்றமற்ற செயல். ஆனால் வினையை விட்டுவிட்டு "ஆளு தண்ணி" என்று சொல்லிப் பாருங்கள், மறுபடியும் மது! தனித்தனியே நின்றால் இரண்டு சொற்களும் போதையில் இருக்கின்றன. இரண்டும் கைகோத்து நின்றால் தெளிந்துவிடுகின்றன.

'தண்ணி கலக்கு' என்பது மலேசியத் தமிழருக்கே உரியது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும், "வாங்க, உக்காருங்க, தண்ணி கலக்குறேன்" என்பது நம் தோட்டத்து வீடுகளின் முதல் வாக்கியம். கோப்பியோ, தேநீரோ, மைலோவோ, சிரப் தண்ணியோ, எல்லாம் தண்ணிதான். கலக்காமல் கொடுத்தால் அது பச்சைத் தண்ணி. மலாயில் பானங்கள் அனைத்தையும் 'ஆயர்' என்பார்கள். 'மினும் ஆயர்' என்று உபசரிப்பார்கள். அந்த வழக்கு நம் பேச்சில் படிந்திருக்க வேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் உரையாற்ற வந்திருந்தார். உபசரிப்புக் குழுவில் இருந்த மாணவி மிகுந்த பணிவோடு, "ஐயா, நீங்க என்ன தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டாள். அவர் சற்றே பின்வாங்கி, "எனக்கு அந்தப் பழக்கமே இல்லையம்மா" என்றார். மேடைக்குப் பின்னால் நாங்கள் சிரித்த சிரிப்பில் நிகழ்ச்சி ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

இனித் தோட்டத்துக்குள் போவோம். ரப்பர்த் தோட்டத்தில் 'தண்ணி' என்பது ஒரு குற்றச்சாட்டாகவும் இருந்தது. இதை இன்றைய தலைமுறைக்குச் சற்று விளக்கிச் சொல்லவேண்டும். விடியற்காலையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுதியாக இருக்கும். பால் நன்றாக வடியும். அதனால்தான் இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நிரைக்குப் போய் மரம் வெட்டினார்கள். (பெரட்டு என்பது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் தோட்டத்து வடிவம். அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.) வடிந்த பாலில் ரப்பர் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான். மீதியில் பெரும்பகுதி இயற்கையாகவே தண்ணீர். கூலிக்குக் கணக்கு வைப்பதோ காய்ந்த ரப்பருக்கு. எனவே பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று கிராணி அளவு பார்ப்பார். எடை கூட்டுவதற்காக யாராவது பாலில் தண்ணீர் சேர்த்திருந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மழைத் துளி மங்கில் விழுந்திருந்தாலும் அதே கருவி அதையேதான் காட்டும். சேர்த்த கை எது, வானமா வாளியா என்று அதற்குத் தெரியாது.

என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். ஒருநாள் அவருடைய வாளியில் அளவு குறைந்திருக்கிறது. வரிசையில் எல்லாரும் நிற்கும்போது கிராணி, "என்னம்மா, தண்ணியா?" என்று கேட்டாராம். மூன்றே எழுத்து. அதில் திருட்டுப் பட்டமும் இருந்தது; பின்னால் நின்ற ஆண்கள் சிரித்ததால் இன்னொரு பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. பாட்டி சொன்ன பதில்: "ஆமாங்கய்யா, மேல இருக்கிறவன் ஊத்துன தண்ணி. அவனையும் கூப்பிட்டு நிறுத்துங்க." அன்றைக்குக் கூலியில் பிடித்தம் நின்றபாடில்லை. ஆனால் அந்தப் பதில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் குடும்பத்தில் வழங்குகிறது. யார் யார்மேல் வீண்பழி போட்டாலும், "மேல இருக்கிறவன் ஊத்துன தண்ணி" என்போம். குழூஉக்குறி பிறப்பதை நான் கண்ணால் கண்ட ஒரே சந்தர்ப்பம் இதுதான் எனலாம். குழு மிகச் சிறியது; எங்கள் வீட்டில் பதினொரு பேர்.

மதுவுக்கு வருவோம். பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் தென்னமரம் என்றே பெயர் கொண்ட தோட்டம் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே தொடங்கிய தோட்டம் அது. பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. மலாயாவில் செம்பனை முதன்முதலாக வாணிக நோக்கில் பயிரிடப்பட்டது 1917இல் இந்தத் தென்னமரம் தோட்டத்தில்தான். தமிழ்ப் பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. நம்முடைய தோட்ட வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தென்னையிலிருந்து இறக்கிய கள்தான் தோட்டத்துக் கள்ளுக்கடைகளில் விற்றது. காலையில் இனிப்பாக இருக்கும் பதம் மாலைக்குள் புளித்து ஏறிவிடும். கள்ளுக்கடை லயத்துக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. சம்பள நாளில் சம்பளத்துக்கு எட்டும் தூரத்திலும் இருந்தது. இது தொழிலாளர்களாகக் கேட்டுப் பெற்ற வசதி என்று எண்ணிவிடக்கூடாது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூரின் பிற வட்டாரங்களுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். அன்றைய கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வதற்கு முடிவு ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் அதில் இருக்கிறது. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இருக்கிறது. நாதன் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. போருக்குப் பின் 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை எதிர்ப்பில் இறங்கியதும் இதே வழியில் வந்ததுதான். தோட்டத்துத் தமிழன் குடிகாரன் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்கள், கடையை மூடச்சொல்லி மறியல் செய்தவர்களும் அதே தோட்டத்துத் தமிழர்கள்தாம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பின்னாளில் சம்சு வந்தது. சீனச் சொல்லொன்றிலிருந்து பிறந்த பெயர். கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கும்; சம்சுவில் அது பல மடங்கு. விலையோ மலிவு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் இயக்கம் நடத்தியது. மொழி மாணவனாக எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. கள் போய் சம்சு வந்தபோதும் பெயர் மாறவில்லை. இரண்டும் 'தண்ணி'தான். புளித்த பதநீருக்கு வைத்த செல்லப்பெயரை, ஈரலைத் தின்னும் ஒரு சரக்குக்கும் அப்படியே ஒட்டிக்கொடுத்துவிட்டோம்.

உலகம் முழுவதும் இந்தப் பெயர்சூட்டல் நடந்திருக்கிறது என்பது உண்மையே. ரஷ்யரின் 'வோட்கா' தண்ணீரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'விஸ்கி' என்பதன் மூலமான கேலிக் தொடருக்கு 'உயிர்நீர்' என்று பொருள். ஆங்கிலத்தில் ஒருவன் குடியை விட்டுவிட்டால் 'வேகனில் ஏறிவிட்டான்' என்பார்கள். அந்த வேகன் தண்ணீர் வண்டி. நம்மிலோ 'தண்ணி வண்டி' என்றால் குடியே கதியென்று கிடப்பவன்! ஒரே வண்டி, அங்கே ஏறினால் திருந்தியவன், இங்கே அவனே வண்டி. 2014இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது லயத்து வாசலுக்குத் தண்ணீர் லோரி வந்து நின்றது. "தண்ணி வண்டி வந்திருச்சு" என்று ஒரு சிறுவன் கத்த, பக்கத்து வீட்டு மாமா வெளியே வந்து, "யாருடா என்னைக் கூப்பிட்டது?" என்று கேட்டார். குடிகாரர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. லண்டன் வண்டிக்காரர்கள் மறைமொழி பேசியதற்குப் போலீஸ்காரர் காதில் விழாமல் இருக்க என்று ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. தோட்டத்தில் யாருடைய காதுக்குப் பயந்து 'தண்ணி' என்றோம்? லயத்தில் ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் ஆறாவது வீட்டில் கேட்கும். மறைப்பதற்கு அங்கே எதுவுமில்லை. எனவே நன்னூல் கணக்கில் இது குழூஉக்குறி அன்று, இடக்கரடக்கல். நாணத்தக்க ஒன்றை வேறு சொல்லால் சொல்வது. நான் சிறுவயதில் கேட்ட பெண்களின் பேச்சை நினைத்துப் பார்க்கிறேன். "நேத்து அவரு கொஞ்சம் தண்ணி" என்று ஒரு பெண் குழாயடியில் சொன்னால், மற்றப் பெண்கள் அவள் முகத்தையும் கையையும் பார்ப்பார்கள், மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அடி, உதை, காலியான சம்பள உறை, பிள்ளைகளின் பட்டினி அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. சொல் மென்மையானது, அது மூடிய பொருள் மென்மையானதன்று. அந்த மென்மை யாரைக் காப்பாற்றியது? சொன்னவளை அன்று, குடித்தவனைத்தான். என் பாட்டி மட்டும் இந்தச் சொல்லைத் தாத்தாவுக்குப் பயன்படுத்தியதே இல்லை. "உங்க தாத்தா குடிச்சிட்டு வந்திருக்காரு" என்று நேராகச் சொல்வார். அவர் நன்னூல் படித்ததில்லை. இடக்கரை அடக்குவதற்கும் உண்மையை அடக்குவதற்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

மருத்துவம், சட்டம் பயிலும் மாணவர்கள் அடுத்த பகுதியைச் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். தோட்டத்து முதியவர் ஒருவர் மருத்துவமனையில் 'தண்ணி' என்று சொன்னால் அதற்கு எத்தனை பொருள்! "தண்ணியா போகுது" என்றால் வயிற்றுப்போக்கு. "தண்ணி ஏத்துனாங்க" என்றால் நரம்புவழி உப்புநீர். "கால்ல தண்ணி எறங்கியிருக்கு" என்றால் வீக்கம். "தண்ணி பழக்கம் உண்டு" என்றால் மது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இளம் மருத்துவர் மலாயில், "பாக்சே மினும்?" என்று கேட்டார். குடிப்பீர்களா என்பது கேள்வி. பெரியவர் உற்சாகமாக, "மினும், டோக்டர். ஹாரி ஹாரி மினும். பாகி, பெத்தாங்" என்றார். காலையும் மாலையும் அன்றாடம் குடிப்பதாகச் சொன்னவர் மனத்தில் இருந்தது தே ஓ. மருத்துவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். நான் குறுக்கிட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால், வாழ்நாளில் மதுவைத் தொடாத மனிதர் நோயேட்டில் பெருங்குடிகாரராகியிருப்பார்; அவருடைய ஈரல் நோய்க்கு வேறு காரணத்தை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். மலாயிலும் தமிழிலும் ஒரே இடத்தில் ஒரே குழி இருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்தவர் பக்கத்தில் நிற்காவிட்டால் அதில் விழவேண்டியதுதான்.

இடக்கரடக்கல் என்றதும் எங்கள் ஊர்ப்பெயர் நினைவுக்கு வருகிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரில் 'பத்தாங்' என்பதற்கு மரத்தின் தண்டு என்பது நேர்ப்பொருள். பேராற்றையும் அப்படிச் சொல்வதுண்டு. 'பெர்ஜுந்தை' என்றால் தொங்குகின்ற. ஆற்றோரத்தில் நீரை நோக்கித் தாழ்ந்து தொங்கும் மரம் ஒன்றை மனக்கண்ணில் பார்த்தால் அழகான பெயர்தான். ஆனால் 'பத்தாங்' என்பதற்குக் கொச்சை மலாயில் வேறு பொருளும் இருக்கிறது. தொங்குவதோடு சேர்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதை வாசகர் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அறிவும் வெற்றியும் என்பது போன்ற பொருள். எங்கள் தமிழ்ப் பெரியவர்களுக்கு மலாய்க் கொச்சை அவ்வளவாகத் தெரியாததால், நல்ல பெயரை ஏன் மாற்றினார்கள் என்று பலர் குழம்பினார்கள். விளக்கிச் சொல்லும் பொறுப்பு பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் தலையில் விழுந்தது. அம்மாவுக்கு அதை எப்படி விளக்குவது? "அது கொஞ்சம் இடக்கரும்மா" என்றேன். நன்னூல் அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது.

மலாயின் 'ஆயர்' நம் தண்ணிக்குச் சளைத்ததன்று. கண்ணீர் 'ஆயர் மாத்தா', கண்ணின் நீர். நம் கண்ணீரும் கண் + நீர்தான். சொல்லைத் திருப்பிப் போட்டு 'மாத்தா ஆயர்' என்றால் ஊற்று; பேச்சில் காதலியும் அதுவே. கழிப்பறைக்குப் போவதற்கு 'புவாங் ஆயர்' என்பார்கள், தண்ணீரை எறிவது. நன்னூல் உரையில் வரும் 'கால் கழுவி வந்தான்' என்பதன் அண்ணன் தம்பி. 'மாசோக் ஆயர்', தண்ணீர் புகுந்தது, என்றால் மூளை கலங்கியவன். தாய்நாட்டுக்கு 'தானா ஆயர்', அதாவது மண்ணும் நீரும். நீரைக் கடந்து வந்து, இந்த மண்ணில் மரம் நட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் பள்ளிச் சபைகூடலில் அந்தச் சொல்லைப் பலமுறை பாடியிருக்கிறோம். உள்ளே 'ஆயர்' இருப்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்?

வேறு சில வழக்குகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது தீனி வேலை; ஆளுக்குத் தண்ணி காட்டுவது ஏய்ப்பு. பெண் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தியாச்சு என்றால் சடங்கு. தண்ணி தெளிச்சு விட்டாச்சு என்றால், நேர்ந்துவிட்ட ஆட்டைப்போல இனி இவனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பெற்றவர்கள் கைகழுவிவிட்டார்கள். (கைகழுவுவதற்கும் தண்ணி வேண்டும் பாருங்கள்.) தண்ணிபட்ட பாடு என்றால் மிக எளிது. தண்ணீர்ப் பந்தல், தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்களுக்குத் தெரியும். 'ர்' சேர்த்து எழுத்துத் தமிழில் சொன்னால்தான் அதற்குப் பக்தி வருகிறது. 'தண்ணிப் பந்தல்' என்று சொல்லிப் பாருங்கள், தொனி உடனே மாறிவிடும்.

இவற்றில் பாதிக்குமேல் எந்த அகராதியைப் பார்த்தும் நான் எழுதவில்லை, காதால் கேட்டவை. தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது பால் நிறுக்கும் இடம் போனது, மெட்ரோலக் போனது, ஒட்டுப்பால், கட்டிப்பால் என்ற சொற்களும் கூடவே போயின. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது லயம் போனது. நம்மில் பலர் தோட்டத்துப் பேச்சை வளாகத்தில் பேசக் கூசுகிறோம். "தோட்டக்காட்டுத் தமிழ்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். காக்னிப் பேச்சையும் ஒருகாலத்தில் பள்ளிக்கூடங்கள் அடித்துத் திருத்தின. இன்று அதற்கு அகராதிகள் இருக்கின்றன, ஆய்வேடுகள் இருக்கின்றன. நம் பாட்டிமார் பேச்சைப் பதிவுசெய்ய ஒரு கைத்தொலைபேசியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் பேரவை உறுப்பினர்கள் ஆளுக்குப் பத்துச் சொல் கொண்டுவந்தால், அடுத்த ஆண்டு இதழில் ஒரு சிறு சொற்பட்டியலே வெளியிடலாம். கேட்கும்போது "இதுக்கு என்ன அர்த்தம் பாட்டி?" என்று கேட்காதீர்கள், பொருள் சொல்லத் தெரியாது என்பார்கள். "இதை எப்ப சொல்வீங்க? யார்கிட்ட சொல்லமாட்டீங்க?" என்று கேளுங்கள். கதையோடு வரும்.

சென்ற மாதம் புக்கிட் ரோத்தானில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். பரிமாறிய இளைஞர் வங்காளதேசத்திலிருந்து வந்தவர். தமிழில் அவருக்குத் தெரிந்த சொற்கள் பத்துப் பதினைந்து இருக்கலாம். தோளில் துண்டோடு மேசையருகே வந்து நின்று, "அண்ணே, தண்ணி?" என்றார். தே ஓ ஒன்று என்றேன்.